விண்டோஸ் 10-க்கு அப்புறம் எந்த டெஸ்க்டாப்? மதுரைக் கடைக்கும் வீட்டுக்கும் ஓர் ஒப்பீடு

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. மதுரையில் ஜெராக்ஸ் கடை, டியூஷன் சென்டர், டைப்பிங் சென்டர், ஆடிட்டர் ஆபீஸ் என்று எங்கே போனாலும் மேசைமேல் இருப்பது பெரும்பாலும் ஆறாம், ஏழாம் தலைமுறை ஐ3, இல்லையென்றால் அதற்கும் மூத்தது. விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். மெஷின் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் புது விண்டோஸ் ஏறாது. அதற்காக நல்ல கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போட யாருக்கும் மனசு வராது, வரவும் கூடாது.

அதனால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தைப் போட்டுத் தரச் சொல்லிக் கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள். உபுண்டு, மின்ட் எல்லாம் அதன் வகைகள். வந்ததும் அவர்கள் கேட்பது, "உபுண்டுவா, மின்ட்டா?" என்றுதான். அந்தக் கேள்வியை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. எந்த லினக்ஸை எடுத்தாலும் உள்ளே அதே கர்னல் என்ற மையப்பகுதி, அதே ஃபயர்பாக்ஸ், அதே லிப்ரே ஆஃபீஸ். மெனு எங்கே இருக்கிறது, ஜன்னலை எப்படிச் சுருக்குவது, பென்டிரைவ் செருகினால் என்ன தெரிகிறது, தமிழுக்கு எந்தச் சாவியைத் தட்டுவது என்று நாள் முழுக்க கையும் கண்ணும் புழங்குவது டெஸ்க்டாப் சூழலோடுதான். அதை முதலில் முடிவு செய்துவிட்டால், அதை நன்றாகக் கொடுக்கும் லினக்ஸைத் தேடுவது சுலபம்.

யார் உட்காரப்போகிறார்கள், தமிழ் எப்படி அடிக்கப்போகிறார்கள் என்ற இரண்டையும் வைத்துத்தான் நான் தேர்வு செய்யச் சொல்வேன். ரேம் கணக்கு அதற்கு முன்னால் வரும் ஒரு சல்லடை, அவ்வளவுதான்.

இந்த டெஸ்க்டாப்புகள் எங்கிருந்து வந்தன என்று கொஞ்சம் தெரிந்துகொள்வது பின்னால் உதவும். 1996-இல், அதே அக்டோபர் 14-ஆம் தேதி, ஜெர்மனியில் மத்தியாஸ் எட்ரிச் என்ற மாணவர் கேடிஇ திட்டத்தை அறிவித்தார். அது செயலிகளின் ஜன்னல், பொத்தான்களை உருவாக்க உதவும் க்யூடி என்ற கருவித்தொகுப்பின்மேல் எழுந்தது. அன்றைக்கு க்யூடியின் உரிமம் முழுமையாகக் கட்டற்றதாக இல்லை. அது சரியில்லை என்று நினைத்த மெக்சிகோக்காரர்கள் மிகேல் டி இகாசாவும் ஃபெடரிகோ மேனாவும் 1997-இல் க்னோம் திட்டத்தைத் தொடங்கினார்கள். அது ஜிடிகே என்ற வேறொரு தொகுப்பின்மேல் நின்றது. க்யூடி 2000-இல் ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்துக்கு வந்துவிட்டது, ஆனால் இரண்டு குடும்பங்களும் தனித்தனியாகவே வளர்ந்துவிட்டன. இன்றும் கேடிஇ பிளாஸ்மா, எல்எக்ஸ்க்யூடி இரண்டும் க்யூடி குடும்பம். க்னோம், சின்னமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ நான்கும் ஜிடிகே குடும்பம். 2011-இல் க்னோம் 3 வந்தபோது கீழே இருந்த பட்டை, பழைய மெனு எல்லாம் போய்விட்டன. அது பிடிக்காமல் பழைய க்னோம் 2-ஐயே தொடர்ந்து பராமரிக்கக் கிளம்பியதுதான் மாட்டே. லினக்ஸ் மின்ட் குழுவினர் புது க்னோமை எடுத்துப் பழைய பழக்கத்துக்குத் திருப்பியதுதான் சின்னமன். ஒரு நிறுவனம் முடிவெடுத்தால் எல்லாரும் அதன் பின்னால் போயே ஆக வேண்டும் என்ற நிலை இங்கே கிடையாது. மூல நிரல் கையில் இருப்பதால், பிடிக்காதவர்கள் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே உயிரோடு வைத்துக்கொள்கிறார்கள். கட்டற்ற மென்பொருளை நான் இத்தனை பேருக்குச் சிபாரிசு செய்வதற்கு விலை இல்லை என்பதைவிட இதுதான் பெரிய காரணம்.

சரி, சல்லடைக்கு வருவோம். ரேம் 2 ஜிபிதான் என்றால் எல்எக்ஸ்க்யூடி. 4 ஜிபி என்றால் எக்ஸ்எஃப்சிஇ நிம்மதியாக ஓடும், சின்னமனும் ஓடும். 8 ஜிபி இருந்தால் எதை வேண்டுமானாலும் போடலாம், ரேமைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். எக்ஸ்எஃப்சிஇக்கும் சின்னமனுக்கும் உள்ள வித்தியாசம் சில நூறு எம்பிதான். பிரவுசரில் நாலு அரசு இணையதளத்தையும் ஒரு வாட்ஸ்அப் வெப்பையும் திறந்து வைத்தால் அதைவிட அதிகம் விழுங்கிவிடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க்கே இருந்தால் முதலில் அதைக் கழற்றி எஸ்எஸ்டி போடுங்கள். அதில் கிடைக்கும் வேகம் எந்த டெஸ்க்டாப்பை மாற்றினாலும் கிடைக்காது.

2011-இல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கம் பல வீடுகளில் அந்தக் காலத்து லேப்டாப் இன்னும் பீரோவுக்கு மேலே இருக்கிறது. பிள்ளை படித்து முடித்து வேலைக்கும் போயிருக்கும், லேப்டாப் மட்டும் அப்படியே கிடக்கும். பேட்டரி போயிருந்தால் சார்ஜரிலேயே ஓட்டிக்கொள்ளலாம். ரேம் 2 ஜிபிதான் என்றால் எல்எக்ஸ்க்யூடி போட்டு, தம்பி தங்கைக்கு டைப்பிங் பழகவும் பிடிஎஃப் படிக்கவும் கொடுக்கலாம். வீடியோ வகுப்பு, பிரவுசரில் நிறைய டேப் என்றெல்லாம் எதிர்பார்க்கக் கூடாது. பிராசஸர் 32 பிட் என்றால் இன்னும் சிக்கல். 2025-இல் வந்த டெபியன் 13, 32 பிட் கணினிகளில் நிறுவுவதற்கான வசதியைக் கைவிட்டுவிட்டது. அப்படிப்பட்ட மெஷினுக்கு நேரம் செலவழிப்பதைவிட, அதிலுள்ள ஃபைல்களை எடுத்துக்கொண்டு விட்டுவிடுவது நல்லது.

இனி கடைகள். கலெக்டர் ஆபீஸ் பக்கம் மனு டைப் செய்து கொடுக்கும் கடையை எடுத்துக்கொள்வோம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டம் என்பதால் காலையிலேயே மேலூரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் பஸ் ஏறி வந்தவர்கள் நிற்பார்கள். "அக்கா, பட்டாவுல அப்பா பேரு தப்பா விழுந்திருக்கு, ஒரு மனு அடிச்சுக் கொடுங்க" என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அடுத்தவர் பென்டிரைவை நீட்டுவார். கீபோர்டில் உட்கார்ந்திருக்கும் அக்கா டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் கற்றவர், பத்து வருஷமாக விண்டோஸில் பழகியவர். கீழே இடது மூலையில் மெனு, கீழ்ப்பட்டையில் திறந்திருக்கும் ஃபைல்கள், டெஸ்க்டாப்பிலேயே தேதி போட்ட ஃபோல்டர்கள் என்று அவருக்கு ஒரு முறை கைவந்திருக்கிறது. அதைக் கலைக்காத டெஸ்க்டாப்தான் அவருக்கு வேண்டும்.

இந்த இடத்தில் சின்னமனும் எக்ஸ்எஃப்சிஇயும்தான் போட்டி. சின்னமனில் எல்லாமே பழகிய இடத்தில் இருக்கும். கீழ்ப்பட்டையில் உள்ள சின்னங்களை, அதற்கான திருத்த நிலையை வேண்டுமென்றே திறந்தால் ஒழிய, இழுத்து நகர்த்த முடியாது. அவசரத்தில் மவுஸ் இழுபட்டு பட்டை கலையும் தொந்தரவு இல்லை. எக்ஸ்எஃப்சிஇயிலும் பட்டையைப் பூட்டிவைக்க ஓர் அமைப்பு உண்டு. ஆனால் எக்ஸ்எஃப்சிஇயை யார் கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். லினக்ஸ் மின்ட் கொடுக்கும் எக்ஸ்எஃப்சிஇயில் பட்டை கீழே, மெனு இடது மூலையில் வரும். உபுண்டுவின் இன்னொரு வகையான சுபுண்டு கொடுப்பதில் பட்டை மேலே இருக்கும். மாற்றிக்கொள்ளலாம்தான், ஆனால் கடைக்காரரே உட்கார்ந்து மாற்ற வேண்டிய வேலையை எதற்கு வைப்பது?

எக்ஸ்எஃப்சிஇயின் ஃபைல் மேனேஜர் துனாரை நான் தனியாகப் பாராட்ட வேண்டும். சொத்துப் பத்திரம் ஒன்றை ஸ்கேன் செய்தால் முப்பது பக்கம் வரும், ஒவ்வொன்றுக்கும் ஸ்கேனர் தன் இஷ்டத்துக்கு ஒரு பெயர் வைத்திருக்கும். துனாரில் அத்தனையையும் தேர்ந்தெடுத்துப் பெயர் மாற்றச் சொன்னால், ஒரே ஜன்னலில் வாடிக்கையாளர் பெயரும் வரிசை எண்ணும் போட்டு மொத்தமாக மாற்றிவிடும். 4.18 பதிப்பிலிருந்து எஃப்3 தட்டினால் ஜன்னல் இரண்டாகப் பிரியும். இந்தப் பக்கம் பென்டிரைவ், அந்தப் பக்கம் கடை ஃபோல்டர். மின்ட்டின் சின்னமன் பதிப்பிலும் இந்த இரண்டு வசதியும் உண்டு, பெயர் மாற்றுவதற்குப் பல்க்கி என்ற சிறு கருவி கூடவே வருகிறது. ஆக, 4 ஜிபி ரேம் உள்ள கடை மெஷினுக்கு எக்ஸ்எஃப்சிஇ, அதற்கு மேல் இருந்தால் சின்னமன் என்று நான் சொல்லிவிடுவேன். பிரிண்டரைப் பொறுத்தவரை டெஸ்க்டாப்பால் வித்தியாசம் இல்லை. எல்லாமே கப்ஸ் என்ற ஒரே அச்சு அமைப்பைத்தான் பயன்படுத்துகின்றன. ஒன்றில் வேலை செய்யும் பிரிண்டர் மற்றதிலும் வேலை செய்யும். சில பழைய லேசர் மாடல்களுக்குத் தனி டிரைவர் தேட வேண்டியிருக்கும், அது எந்த டெஸ்க்டாப்பிலும் அப்படித்தான்.

தமிழ் டைப்பிங்தான் எனக்கு முக்கியமான விஷயம். டெஸ்க்டாப் ஒப்பீடுகளில் ஜன்னல் அழகையும் ரேமையும் பேசுவார்கள், இதைத் தொடவே மாட்டார்கள்.

மனுவின் முதல் வார்த்தை 'அனுப்புநர்'. தமிழ்99 என்ற விசைப்பலகை முறையில் அதற்கு ஒன்பது தட்டு: அ, ன, உ, ப, ப, உ, ந, ர, கடைசியில் புள்ளி. 'ன'வுக்குப் பின்னால் 'உ' தட்டியதும் 'னு' ஆகிவிடும். 'ப' விசையை இரண்டு முறை தட்டினால் முதல் 'ப'வின் தலையில் புள்ளி தானாக விழும். இந்தச் சேர்க்கையும் புள்ளியும் கிடைக்க வேண்டுமானால் பின்னணியில் ஐபஸ் அல்லது எஃப்சிட்எக்ஸ் என்ற உள்ளீட்டுச் சேவை ஓட வேண்டும், அதோடு பல மொழிகளின் தட்டச்சு முறைகள் அடங்கிய எம்17என் தொகுப்பும் சேர்ந்திருக்க வேண்டும். கீபோர்டு அமைப்பில் வெறுமனே தமிழ் விசைப்பலகையை மட்டும் சேர்த்தால் புள்ளி தானாக விழாது. பழகிய விரல்கள் அங்கேயே தடுமாறிப் போகும். டைப்ரைட்டர் முறையில் கற்றவர்களுக்கும் எம்17என் தொகுப்பில் தனி வடிவம் இருக்கிறது, ஒலிபெயர்ப்பு முறையும் இருக்கிறது.

இதை எளிதாக அமைப்பதில் க்னோம்தான் முதலிடம். ஐபஸ் அதனுள்ளேயே பின்னிப்பிணைந்தது. ஐபஸ்-எம்17என் தொகுப்பை நிறுவிவிட்டு வெளியேறி மறுபடி உள்ளே வந்தால், கீபோர்டு அமைப்பில் தமிழ்99 பட்டியலிலேயே நிற்கும். சூப்பர் சாவியும் (விண்டோஸ் சின்னம் போட்டது) ஸ்பேஸும் சேர்த்துத் தட்டினால் மொழி மாறும், மேல்பட்டையில் எந்த மொழி என்றும் தெரியும். ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனித்தனி மொழி என்று வைத்துக்கொள்ளவும் முடியும். லிப்ரே ஆஃபீஸில் தமிழ், பிரவுசரில் ஆங்கிலம். பாஸ்வேர்டு அடிக்கும்போது தமிழ் எழுத்து விழுந்து, மூன்று முறை தவறாகி, அக்கவுன்ட் பூட்டிக்கொள்ளும் தொல்லை இதனால் போகும். இணைய விண்ணப்பம் போடும் கடைக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பிளாஸ்மாவில் எஃப்சிட்எக்ஸ்5 பொருத்தம். நிறுவியதும் அமைப்புகளில் விர்ச்சுவல் கீபோர்டு என்ற பகுதிக்குப் போய் அங்கே எஃப்சிட்எக்ஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டைப்பிங்குக்கும் விர்ச்சுவல் கீபோர்டுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும், ஆனால் வேலேண்ட் என்ற புதிய திரை அமைப்பில் பிளாஸ்மா அந்த வழியாகத்தான் உள்ளீட்டு முறையை அழைக்கிறது. அது தெரியாமல் பலர் பிளாஸ்மாவில் தமிழ் வராது என்று விட்டுவிடுகிறார்கள். ஒருமுறை அமைத்துவிட்டால் நன்றாகவே ஓடும்.

எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூடி இரண்டிலும் சேவையை நாம்தான் தொடக்கத்தில் ஓடும்படி வைக்க வேண்டும். டெபியன் குடும்பத்தில் இம்-கான்ஃபிக் என்ற கருவி அதைச் செய்துகொடுக்கும். முன்னே சொன்ன இரண்டு குடும்பக் கதை இங்கேதான் உதவுகிறது. ஜிடிகே செயலிக்கும் க்யூடி செயலிக்கும் உள்ளீட்டுச் சேவையைத் தனித்தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும். ஒன்றில் தமிழ் வந்து இன்னொன்றில் வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது. சின்னமன் நடுவில் நிற்கிறது. மின்ட்டில் உள்ளீட்டு முறைக்கென்று தனி அமைப்பு ஜன்னல் இருப்பதால் கட்டளை எதுவும் அடிக்காமல் முடித்துவிடலாம்.

எழுத்து திரையில் சிதைந்து தெரியுமோ என்று பயப்பட வேண்டாம். இரண்டு குடும்பங்களும் எழுத்துகளைக் கோக்க ஹார்ஃப்பஸ் என்ற ஒரே நூலகத்தை நம்புகின்றன, தமிழ் சுத்தமாகத் தெரியும். கடையில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் சேர்த்துவைத்த ஃபைல்கள் இருந்தால், அந்த எழுத்துருவை எழுத்துரு ஃபோல்டரில் போட்டுவிட்டால் எங்கும் திறக்கும். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் வேலை செய்பவர்களுக்கு மட்டும் தயக்கத்தோடு சொல்கிறேன். பேஜ்மேக்கரில் ஊறிய கைக்கு ஸ்கிரைபஸ் என்ற கட்டற்ற பக்க வடிவமைப்புச் செயலி பழக நாளாகும். 2024 தொடக்கத்தில் வந்த ஸ்கிரைபஸ் 1.6, யூனிகோட் தமிழை ஒழுங்காகக் கோக்கிறது. ஓரமாக ஒரு மெஷினில் பழகிக்கொண்டு மாறுவது நல்லது. உரிமம் இல்லாத நகலை ஓட்டிக்கொண்டு ஒவ்வொரு நாளும் வைரஸுக்குப் பயப்படுவதைவிட அந்த உழைப்பு எவ்வளவோ மேல்.

தமிழ் டைப்பிங்கில் முதலிடம் கொடுத்த க்னோமை ஏன் கடைக்குச் சொல்லவில்லை என்று கேட்கலாம். க்னோமின் இயல்பான வடிவத்தில் கீழ்ப்பட்டை கிடையாது, ஜன்னலைச் சுருக்கும் பொத்தான் கிடையாது, டெஸ்க்டாப்பில் ஃபைல் வைக்க முடியாது. உபுண்டு இவற்றைத் தானே சேர்த்துக் கொடுக்கிறது, பட்டை மட்டும் இடது ஓரத்தில் வரும். மற்ற இடங்களில் நீட்சிகள் (எக்ஸ்டென்ஷன்) வழியாகச் சேர்க்கலாம், ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு புதுப் பதிப்பு வரும்போது அவற்றில் சில நின்றுபோகும். பழைய பழக்கம் இல்லாதவர்களுக்கு இது ஒரு குறையே இல்லை. முதல்முறை லேப்டாப் வாங்கும் காலேஜ் பிள்ளை டச்பேடில் மூன்று விரலை வைத்து இழுத்து ஜன்னல்களுக்கிடையே போய் வருவதைப் பார்த்தால் க்னோம் யாருக்காகச் செய்யப்பட்டது என்று புரியும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கும் என் முதல் தேர்வு க்னோம்தான். ஓர்கா என்ற திரைவாசிப்பான் அதன் சொந்தப் பிள்ளை. ஈஸ்பீக் என்ற குரல் மென்பொருள் தமிழையும் வாசிக்கும். குரல் இயந்திரத்தனமாகத்தான் இருக்கும், ஆனால் அதற்காகத் தனியே பணம் கட்ட வேண்டியதில்லை.

கேடிஇ பிளாஸ்மாவை நான் வீட்டுக்கும் மாணவர்களுக்கும் தாராளமாகச் சொல்வேன். 2024 பிப்ரவரியில் பிளாஸ்மா 6 வந்ததிலிருந்து அது நன்றாக நிலைப்பட்டிருக்கிறது. முன்பு ஒரே கிளிக்கில் ஃபைல் திறந்து புதியவர்களைக் குழப்பும், அதை டபுள் கிளிக்குக்கு மாற்றிவிட்டார்கள். வைஃபையில் போனும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் கேடிஇ கனெக்ட் ஒன்றுக்காகவே சிலர் இதில் தங்கிவிடுகிறார்கள். போனில் எடுத்த போட்டோவை கேபிள் இல்லாமல் தள்ளிவிடலாம். படம் வரைகிற, வீடியோ எடிட் செய்கிற பிள்ளைகளுக்கு கிரிட்டாவும் கேடென்லைவும் இதே குடும்பம். குறை என்று சொன்னால், மாற்றுவதற்கு இருக்கும் அமைப்புகள் மிக அதிகம். வீட்டில் அது சந்தோஷம். ஷிப்டுக்கு ஒருவர் உட்காரும் கடையில், காலையில் வந்தவர் மாற்றியதை மாலையில் வருபவர் தேடிக்கொண்டிருப்பார்.

மாட்டேயைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எக்ஸ்எஃப்சிஇக்கும் சின்னமனுக்கும் நடுவில் நிற்கிறது, நன்றாக ஓடுகிறது. ஏற்கெனவே அதில் பழகியவர்கள் தொடரலாம். புதிதாகத் தேர்வு செய்பவரை அதற்கு அனுப்ப எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

எந்த டெஸ்க்டாப்பையும் போடக்கூடாத இடங்களும் உண்டு. டேலியில் கணக்கு எழுதும் கடைக்கு விண்டோஸ்தான் வேண்டும். ஆதார் கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வைத்து வேலை செய்பவர்கள், அந்தக் கருவியைக் கொடுத்தவரிடம் லினக்ஸுக்கு டிரைவர் உண்டா என்று கேட்டு உறுதியான பதில் வந்த பிறகே மாற வேண்டும். அப்படிப்பட்ட வேலைக்கு ஒரு மெஷினில் விண்டோஸை வைத்துக்கொண்டு, டைப்பிங், ஸ்கேனிங், பிரவுசிங் மெஷின்களை மாற்றலாம். கடையில் மூன்று மெஷின் இருந்தால் குறைந்தது இரண்டு தப்பிக்கும்.

முடிவு செய்வதற்கு முன் நிறுவாமலேயே பார்த்துவிடலாம். பல இயங்குதளங்களை ஒரே பென்டிரைவிலிருந்து பூட் செய்ய உதவும் வென்டாய் போட்ட ஒரு பென்டிரைவில் மின்ட் சின்னமன், மின்ட் எக்ஸ்எஃப்சிஇ, உபுண்டு, பிளாஸ்மாவோடு வரும் ஏதாவது ஒன்று என்று நான்கின் ஐஎஸ்ஓ என்ற நிறுவல் ஃபைல்களையும் அப்படியே நகல் எடுத்து வைத்தால், பூட் ஆகும்போது வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். ஹார்ட் டிஸ்கில் ஒன்றும் மாறாது. பென்டிரைவிலிருந்து ஓடுவதால் கொஞ்சம் மெதுவாக இருக்கும், அதை வைத்து வேகத்தை எடைபோட வேண்டாம். வைஃபை பிடிக்கிறதா, உங்கள் பிரிண்டரில் ஒரு பக்கம் வருகிறதா, தமிழ் தொகுப்பை நிறுவி 'அனுப்புநர்' என்று அடித்தால் 'ப்'பின் புள்ளி தானாக விழுகிறதா என்று பாருங்கள். அதைவிட முக்கியம், அந்த மெஷினில் தினமும் உட்காரப்போகிறவரை உட்காரவைத்து, எதுவும் சொல்லிக்கொடுக்காமல் ஒரு மனு அடித்து, பிடிஎஃப் ஆக்கி, பென்டிரைவில் போடச் சொல்லுங்கள். எங்கே கை நிற்கிறது என்று பார்த்தாலே எந்த டெஸ்க்டாப் அவருக்கு என்று தெரிந்துவிடும்.

பிறகு ஒன்றை மட்டும் நிறுவுங்கள். ஒரே நிறுவலில் இரண்டு டெஸ்க்டாப்பைச் சேர்த்துப் போட்டு, உள்நுழையும் திரையில் மாற்றிக்கொள்ள முடியும்தான். ஆனால் மெனுவில் எல்லாமே இரண்டிரண்டாக நிற்கும், ஒன்றின் தோற்ற அமைப்பு இன்னொன்றில் போய்க் குழப்பும். சொந்த லேப்டாப்பில் ஆசைக்குச் செய்து பார்க்கலாம். நாலு பேர் புழங்கும் கடை மெஷினில் வேண்டாம்.